இரண்டாம் கட்ட அடுக்குமாடி: வழி 40 அடி இருக்கிறதா, இல்லையா?

வில்லா 7:
நேற்று நம் ரிட்டயர்மென்ட் வில்லாக்களின் பொதுக்குழுவில், பில்டரின் இரண்டாம் கட்டத்தைப் பற்றி வில்லா 22 சார் பேசியதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. "பக்கத்து நிலத்தில் 96 ஃபிளாட் வந்தால் என்ன? வருகிறவர்களும் ரிட்டயர் ஆனவர்கள்தானே, அவர்கள் எங்கே வண்டி ஓட்டப் போகிறார்கள்? ரோட்டில் ஒன்றும் தெரியாது" என்றார். அதற்குக் கைதட்டல் வேறு. சர்வீஸ் முழுக்க நெடுஞ்சாலைத் துறையில் இருந்தவன் சொல்கிறேன், ஃபிளாட்காரர் ஓட்டாவிட்டால் அவருக்காக நாலு பேர் ஓட்டிக்கொண்டு வருவார்கள். சமையல் அம்மா, ராத்திரி துணைக்கு வரும் பெண், பிசியோதெரபிஸ்ட், ரத்தம் எடுக்க வரும் லேப் பையன், மருந்து டெலிவரி, ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பம். சரி, இதையெல்லாம் விடுங்கள். பில்டர் காட்டிய வரைபடத்தில் ஸ்டில்ட், அதாவது கீழே வண்டி நிறுத்தும் தளம், போக ஏழு மாடி. 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகலமுள்ள வழி வேண்டும். அதாவது 40 அடி. நம் வழி 40 அடி கிடையாது. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

வில்லா 22:
பேச நிறைய இருக்கிறது சார். நான் சொன்னதில் பாதியை வசதியாக விட்டுவிட்டீர்கள். மெஸ், நர்ஸ், ஜெனரேட்டர், செக்யூரிட்டி எல்லாவற்றையும் இன்றைக்கு 64 வீடுகள் மட்டும் சுமக்கின்றன. மாதப் பராமரிப்பு 7,500 ரூபாயைத் தாண்டியதும் 18 சதவீத ஜிஎஸ்டியும் தலையில் ஏறியது. இன்னும் 96 வீடுகள் பங்குபோட்டால் தொகை அந்த வரம்புக்குக் கீழே வரும். பேங்கில் இருந்தவனுக்கு இந்தக் கணக்குக்கூடத் தெரியாதா? அப்புறம், உங்கள் 40 அடி. கிரயப் பத்திரத்தை எடுத்து நான்கு எல்லையைப் படியுங்கள். "வடக்கில் 40 அடி அகலப் பொது வழி" என்று இருக்கிறது. ரிஜிஸ்டர் ஆன பத்திரம்.

வில்லா 7:
பத்திரம் தாளில் இருக்கிறது, வழி தரையில் இருக்கிறது. பிள்ளையார் கோயில் வளைவில் நானே டேப் பிடித்து அளந்தேன். 33 அடி. நாற்பது இல்லை.

வில்லா 31:
இரண்டு பேரும் அடி கணக்கிலேயே நில்லுங்கள். போன சிவராத்திரி அன்று சிறுவாணி ரோட்டில் என்ன நடந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? மாதம்பட்டியில் வண்டிகள் நகரவே இல்லை. பிப்ரவரியிலிருந்து மே வரை வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர்கள் கூட்டம், விடுமுறை நாளில் கோவைக் குற்றாலம் போகிற கார்கள். அந்த நேரத்தில் இங்கே ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் 108 எப்படி வரும்? உள்ளே 40 அடி இருந்தாலும் 33 அடி இருந்தாலும் வெளியே மெயின் ரோடு அடைத்துக்கொண்டால் என்ன பிரயோஜனம்? தலைமை ஆசிரியையாக இருந்தவள், கேள்வி கேட்டால் பதில் வரும் என்று எதிர்பார்க்கிற பழக்கம்.

வில்லா 22:
மேடம், மேற்குப் புறவழிச்சாலை வந்துவிட்டால் இதெல்லாம் சரியாகிவிடும். மதுக்கரைப் பக்கம் ஆரம்பித்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை போகிற திட்டம் அது. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வில்லா 31:
பாலக்காடு ரோட்டிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டுக்குப் போகிற லாரிகள் ஊருக்குள் வராமல் இருக்கத்தான் அந்தப் புறவழிச்சாலை. வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டிக்கும் குற்றாலத்துக்கும் போகிறவன் நம் ரோட்டில்தான் வந்தாக வேண்டும். படித்தவர்களே இப்படிப் பேசினால் எப்படி? பொறுமையைப் பற்றி 72 வயதில் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வில்லா 40:
ஒரு சின்ன விஷயம். வழியின் அகலம் என்று எதைச் சொல்கிறோம்? விதிகளில் சாலை அகலம் என்றால் எல்லைக்கு எல்லை, சாலைக்குச் செங்குத்தாக அளப்பது. சாக்கடை, நடைபாதை எல்லாம் அதற்குள் அடங்கும். வில்லா 7 சார் தாரை மட்டும் அளந்தாரா, கம்பவுண்டுச் சுவரிலிருந்து சுவர் வரை அளந்தாரா? இதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை முடியும்.

வில்லா 7:
எப்படி அளந்தாலும் 40 வராது.

வில்லா 22:
எப்படி அளந்தாலும் 40 இருக்கிறது.

வில்லா 18:
வணக்கம். அப்பா வீட்டின் சார்பாக நான் எழுதுகிறேன், சிங்கப்பூரிலிருந்து. ரியல் எஸ்டேட் சட்டம் 2016, பிரிவு 14(2)-ஐ யாருமே பேசவில்லையே. ஒப்புதல் பெற்ற வரைபடத்தையோ பொதுப் பகுதியையோ மாற்ற வேண்டுமென்றால், பில்டர் தவிர்த்து மற்ற ஒதுக்கீடுதாரர்களில், அதாவது வீடு வாங்கியவர்களில், மூன்றில் இரண்டு பங்குப் பேரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். புது ஃபிளாட்டுக்கான வண்டிகள் நம் உள்சாலை வழியாகத்தான் போகும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறார். நம்மிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

வில்லா 22:
தம்பி, பிரிவு 14-ஐப் படித்த நீங்கள் பிரிவு 3-இன் விளக்கத்தையும் படித்திருக்கலாம். கட்டம் கட்டமாகக் கட்டினால் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டம், தனிப் பதிவு. அந்தப் பிரிவு அமலுக்கு வந்ததே 2017 மே முதல் தேதி. நம் முதல் கட்டம் அதற்கு முன்பே முடிந்து சாவி கொடுத்தாகிவிட்டது. அதோடு கிரயப் பத்திரத்தில், பக்கத்து நிலத்துக்கும் இந்த வழியைப் பயன்படுத்தும் உரிமையைப் பில்டர் தனக்கே வைத்துக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டது உங்கள் அப்பாதான். தவிர, வருடத்துக்கு ஒருமுறை வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இங்கே வாழ்கிறவர்களின் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

வில்லா 18:
வாழ்கிறவர்களின் பராமரிப்புத் தொகையை மாதாமாதம் அனுப்புவது நான். ஜெனரேட்டர் வாங்கப் பணம் கேட்டபோது நான் சிங்கப்பூரில் இருப்பது உங்களுக்குத் தடையாகத் தெரியவில்லையே.

வில்லா 7:
தம்பி சொல்வது நியாயம், ஆனால் சட்டம் கிட்டம் எல்லாம் இரண்டாவது. 40 அடி இல்லாத இடத்தில் உயரக் கட்டடத்துக்கு அனுமதியே கிடைக்காது. அனுமதி கொடுக்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தில், அந்த டிடிசிபி ஆபீசில், முதல் மேசையிலேயே ஃபைல் திரும்பிவிடும்.

வில்லா 22:
அப்படித் திரும்பினால் நல்லதுதானே, நீங்கள் ஏன் தூக்கம் கெட்டு இங்கே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்? எதற்கும் சொல்லி வைக்கிறேன், வேண்டுமானால் ஸ்டில்ட் பிளஸ் ஐந்தாகக் குறைத்து 18.30 மீட்டருக்குள் அடக்கிக்கொள்வேன் என்று பில்டர் சொல்லியிருக்கிறார். அப்போது அது உயரக் கட்டடமே இல்லை. உங்கள் 40 அடி எங்கே போகும்?

வில்லா 7:
பில்டர் உங்களிடம் தனியாக எப்போது சொன்னார்? பொதுக்குழுவில் அப்படி ஒரு வார்த்தை வரவில்லை. அப்படியானால் வழி 40 அடி இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் மாடியைக் குறைக்கிறார். என் பேச்சை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், நன்றி.

வில்லா 22:
"வேண்டுமானால்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் அப்படித்தான் தெரியும். இன்னொன்றும் கேளுங்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 106-ஆம் நெறிமுறையில், இருபுறமும் வண்டி நிற்கிற சாதாரணத் தெருவிலேயே இருவழிச் சாலைக்கு மணிக்கு 900 கார் அலகு, அதாவது எல்லா வண்டியையும் கார் கணக்காக மாற்றிய எண்ணிக்கை, என்று போட்டிருக்கிறது. 96 வீட்டிலிருந்து 900 கார் வருமா? டூவீலருக்கு முக்கால் அலகுதான்.

வில்லா 7:
யூடியூப் பார்த்து ஆபரேஷன் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. அந்த 900 எந்தச் சாலைக்கு? தார் மட்டும் ஏழு மீட்டருக்குக் குறையாத இருவழிச் சாலைக்கு. நம் வழியில் தார் ஐந்தரை மீட்டர். அதற்கு ஒன்றரை வழிச் சாலை என்று பெயர். எதிரில் மண் லாரி வந்தால் ஒருவர் சாக்கடையை ஒட்டி ஒதுங்க வேண்டும். ஆட்டோவை இரண்டு அலகு வரை கணக்கெடுப்பார்கள், பஸ், லாரிக்கு மூன்றுக்கும் மேலே. கட்டுமானம் நடக்கிற காலம் முழுக்க ரெடிமிக்ஸ் லாரி வருமே, அதை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்? எல்லாம் போகட்டும். 40 அடி இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. 40 அடி இல்லை.

வில்லா 40:
தார் ஐந்தரை மீட்டர் என்றால் அது 18 அடிதான். அப்படியானால் நீங்கள் சொன்ன 33 அடி எதிலிருந்து எதுவரை?

வில்லா 55:
நான் பொதுவாக இதில் எழுதுவதில்லை. பத்திரத்தில் "பொது வழி" என்று இருப்பதாக வில்லா 22 சார் சொல்கிறார். இது டிடிசிபி ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவாக இருந்தால், சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதலே வந்திருக்கும். அப்படியானால் இது பஞ்சாயத்து ரோடு. பஞ்சாயத்து ரோட்டில் கேட் போட்டு, செக்யூரிட்டி வைத்து, டெலிவரி பையனிடம் ஆதார் கேட்கிற உரிமை நமக்கு ஏது?

வில்லா 31:
இந்த நேரத்தில் கேட்டை எடுக்கச் சொல்கிறாரே மனுஷன்! ராத்திரி யார் யாரோ உள்ளே வந்தால் நீங்கள் பொறுப்பா? எங்கள் வீட்டில் நானும் என் அக்காவும் மட்டும்தான்.

வில்லா 55:
எடுக்கச் சொல்லவில்லை அம்மா. கேட்டேன், அவ்வளவுதான்.

வில்லா 31:
அம்மா என்று கூப்பிடாதீர்கள். நீங்கள் என்னைவிட மூத்தவர்.

வில்லா 22:
கேட் வைக்க வேண்டும் என்று 2 வருடம் முன்பு தீர்மானம் கொண்டுவந்ததே வில்லா 7 சார்தான். அன்றைக்கு இது தனியார் வழி. இன்றைக்கு அரசாங்க விதி பேசுகிறார்.

வில்லா 7:
தீர்மானம் கொண்டுவந்தது நான், கேட் கான்ட்ராக்ட் யாருடைய மச்சினனுக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கிளற வேண்டாம் என்று பார்க்கிறேன். தேர்தலில் மூன்று ஓட்டில் ஜெயித்துச் செயலாளர் ஆனவர் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம்.

வில்லா 22:
மூன்று ஓட்டில் தோற்றவருக்கு அந்த எண் நன்றாக நினைவிருக்கிறது.

வில்லா 12:
வாங்க வருகிறவர்களுக்கு வயது வரம்பு உண்டா என்று யாராவது கேட்டீர்களா? நம் பத்திரத்தில் 55 வயது என்று இருக்கிறது. புது ஃபிளாட் விளம்பரத்தில் "குடும்பத்துடன் குடியேறுங்கள்" என்று போட்டிருக்கிறது. பள்ளிக்கூட வேன் காலையில் ஏழு மணிக்கு ஹார்ன் அடிக்கும். மத்திய அரசு 2019-இல் முதியோர் குடியிருப்புக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் அது மாதிரிதான், சட்டம் இல்லை. வயது வரம்பு என்பது வெறும் ஒப்பந்த ஷரத்து, பில்டர் நினைத்தால் புதுப் பத்திரத்தில் எழுதாமலே விட்டுவிடலாம். அப்படிப் பார்த்தால் "வருகிறவர்களும் ரிட்டயர் ஆனவர்கள்தானே" என்ற பேச்சே நிற்காதே?

வில்லா 22:
குழந்தைச் சத்தம் கேட்டால் என்ன கெட்டுப்போய்விடும்? இங்கே மயில் கத்துவதற்கே புகார் எழுதினவர்கள் இருக்கிறார்கள்.

வில்லா 12:
மயில் புகார் என் வீட்டிலிருந்துதான் வந்தது. காலை நாலரை மணிக்கு உங்கள் ஜன்னலில் வந்து கத்தினால் தெரியும். நான் கேட்டது வயது வரம்பு. மயிலைப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டாம்.

வில்லா 3:
நம் கிராமம் ஹாகா பட்டியலில், அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லையில், வருகிறதா என்று பார்த்தீர்களா? வந்தால் அந்த அனுமதி தனி. யானை வழித்தடம் பற்றியும் கேட்பார்கள்.

வில்லா 7:
யானை வரட்டும், போகட்டும். யானைக்கு 33 அடி போதும். தீயணைப்பு வண்டிக்கு 40 அடி வேண்டும். நாளைக் காலை ஆறரை மணிக்குக் கோயில் வளைவில் மறுபடி அளக்கப் போகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் வந்து டேப்பின் மறுமுனையைப் பிடிக்கலாம்.

வில்லா 22:
வருகிறேன். என் டேப்பையும் கொண்டுவருகிறேன். கோயில் மதிலே வழியை ஆக்கிரமித்துக் கட்டியது என்று பஞ்சாயத்தில் சொல்கிறார்கள். ஆக்கிரமிப்பைக் கழித்துவிட்டு அளந்தால் 40 வரும்.

வில்லா 7:
கோயிலை இடித்துவிட்டு அளக்கலாம் என்கிறீர்களா? இதை இங்கே எழுத்தில் போட்டதற்கு நன்றி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

வில்லா 22:
இடிக்கச் சொன்னேனா? எங்கே சொன்னேன்? நான் ஒவ்வொரு சதுர்த்திக்கும் அபிஷேகத்துக்குப் பால் கொடுக்கிறவன்.

வில்லா 40:
12 மீட்டர் என்பது சரியாக 39.37 அடி. நாளை அளக்கும்போது அதையும் கவனியுங்கள்.

வில்லா 7:
39.37-உம் வராது.

வில்லா 18:
அளப்பதை வீடியோ எடுத்து இங்கே போட முடியுமா? அப்பாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

வில்லா 22:
வீடியோ எதற்கு? லட்சுமணன் கோடு போடப் போகிறோமா? வேண்டுமென்றால் டிக்கெட் போட்டு வந்து பாருங்கள்.

வில்லா 31:
108 பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்புறம், மெஸ் வாசலில் ராம்பை மறித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. வீல்சேர் ஏற முடியவில்லை. யாருடையது?

வில்லா 7:
வில்லா 22 மாப்பிள்ளையுடையது. ரிட்டயர் ஆனவர்கள் வண்டி ஓட்டுவதில்லை, அதனால் ரோட்டில் ஒன்றும் தெரியாது.

வில்லா 22:
நேற்று ராத்திரிதான் வந்தார், சாயங்காலம் கிளம்பிவிடுவார். உங்கள் வீட்டு வாசலில் மூன்று மாதமாகக் கொட்டி வைத்திருக்கிற எம்-சாண்ட் எப்போது கிளம்பும் சார்?