ஆர்.டி.ஜே. ஃபிளாஞ்ச்: டார்க் சரியாக இருந்தும் கசிவது ஏன்?

கேள்வி:
எங்கள் ஆலையின் நீராவிக் குழாயில், 4 அங்குல 900 கிளாஸ் (அழுத்த வகுப்பு) ஆர்.டி.ஜே. ஃபிளாஞ்சில், அதாவது பள்ளத்தில் உலோக வளையத்தை (ரிங்) வைத்து அடைக்கும் விளிம்பு இணைப்பில், புதிய ஆர்-37 (அளவு எண்) ரிங்கை வைத்து, எட்டு ஸ்டட்களையும் (இரு முனையிலும் நட்டு ஏறும் மரைக்கம்பிகள்) 1-5-3-7, 2-6-4-8 என்ற வரிசையில் 30, 70, 100 விழுக்காடு என மூன்று கட்டங்களாக இறுக்கினோம். முழு டார்க்கில் (இறுக்கும் திருப்புவிசை) ஒவ்வொரு நட்டிலும், அந்த அளவு எட்டியதைக் காட்டும் வகையில், ரெஞ்சு ‘கிளிக்’ என்றது. ஆனாலும் ஹைட்ரோ டெஸ்டில் (நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனை) ஒரு பக்கம் நீர் கசிந்தது. டார்க்கை இன்னும் கூட்டலாமா?

மறுமொழி 1:
கூட்ட வேண்டாம். நாம் கொடுக்கும் டார்க்கில் சுமார் பத்தில் ஒரு பங்கே ஸ்டட்டை இழுக்கிறது. மற்றதெல்லாம் மரையிலும் நட்டின் அடிப்பரப்பிலும் உராய்வாகப் போய்விடுகிறது. ஆகவே ஒரு ஸ்டட்டுக்கு எண்ணெய் பூசி, அடுத்ததை உலர்வாக விட்டிருந்தால், ஒரே ‘கிளிக்’கில் இரண்டிலும் வெவ்வேறு இழுவிசைதான் இருக்கும்.

உங்கள் வேலையில் விடுபட்டது, நான் அறிந்தவரை, கடைசிச் சுற்று. ஒரு ஸ்டட்டை இறுக்கும்போது ரிங் பள்ளத்தில் இன்னும் சற்று இறங்குவதால், பக்கத்தில் முன்பே இறுக்கிய ஸ்டட் தளர்ந்துவிடுகிறது. உலோக ரிங்கில் இது மிகுதியாகவே நடக்கும். இதனால்தான் ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) வெளியிட்ட, ஃபிளாஞ்ச் இணைப்புகளுக்கான பி.சி.சி-1 வழிகாட்டி, குறுக்கு வரிசை முடிந்தபின் முழு டார்க்கிலேயே வட்டமாக ஒவ்வொரு நட்டாக, எதுவும் நகராத நிலை வரும்வரை சுற்றிவரச் சொல்கிறது. குறைந்தது 4 மணி நேரம் கழித்து அதை மறுபடி செய்வது நல்லது. ஆர்.டி.ஜே.யில் இரண்டு மூன்று சுற்றுகளோடு இது முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மறுமொழி 2:
ரிங்கின் கடினத்தன்மையையும் பாருங்கள். ரிங் நசுங்கிப் பள்ளத்தின் சாய்வுப் பக்கங்களில் படிந்தால்தான் அடைப்பு உண்டாகும் என்பதால், அது ஃபிளாஞ்சைவிட மென்மையாக இருக்க வேண்டும். மென்னிரும்பு ரிங்குக்கு 90 பிரினெல் (கடினத்தன்மை அளவு) உச்சவரம்பு. அச்சாய்வில் ஆரப்போக்கில் (உள்ளிருந்து வெளிநோக்கி) ஒரு கீறல் இருந்தாலும் எந்த டார்க்கும் அதை மூடாது.

கேட்டவர்:
நன்றி. ஸ்டட்களுக்கு மசகு பூசவில்லை. வட்டச் சுற்றும் செய்யவில்லை. அழுத்தம் இருக்கும்போதே கசியும் பக்கத்தை மட்டும் இறுக்கிப் பார்க்கலாமா?

மறுமொழி 1:
கூடாது, அது ஆளுக்கே ஆபத்து, ஃபிளாஞ்சும் ஒரு பக்கமாகச் சாயும். அழுத்தத்தை முழுவதும் இறக்கி, ஃபிளாஞ்சுகளுக்கு இடையிலான இடைவெளியை நான்கு திசைகளிலும் அளந்து பாருங்கள். உலர்ந்த ஸ்டட்களை மேலும் இறுக்குவதில் பொருளில்லை என்பதால், இணைப்பைப் பிரித்து, பள்ளத்தைச் சோதித்து, மரைக்கும் நட்டின் அடிக்கும் மசகு பூசி, அந்த மசகுக்குரிய டார்க்கைக் கணக்கிட்டு, புதிய ரிங்கோடு தொடங்குங்கள். நசுங்கிய ரிங்கை மீண்டும் வைக்காதீர்கள்.