1,840 ரூபாய்க்காகக் கடைக் கணக்கு முழுவதையும் முடக்கலாமா?

ஈரோடு_கணக்குப்பிள்ளை:

ஒரு மளிகைக் கடையின் நடப்புக் கணக்கு மூன்று வாரமாக முடங்கிக் கிடக்கிறது. உள்ளே 3,40,000 ரூபாய். பணம் வருகிறது, வெளியே எடுக்க முடியவில்லை. கிளையில் கேட்டால், "வெளிமாநில சைபர் கிரைம் போலீஸ் சொல்லித்தான் நிறுத்தியிருக்கு, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று ஒரு செல்போன் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த எண்ணில் பேசுபவர், க்யூஆர் வழியாக வந்த 1,840 ரூபாய் யாரோ ஏமாந்த பணம் என்கிறார். அதைத் தான் சொல்லும் எண்ணுக்கு ஜிபே செய்தால் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) தருவாராம். அந்த 1,840-க்கு அரிசியும் எண்ணெயும் கொடுத்த பில் கடையில் இருக்கிறது.

இதற்காக மொத்தப் பணத்தையும் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடம் உண்டா? யாருக்கு என்ன எழுத வேண்டும்? அந்த மாநிலத்துக்கே போக வேண்டியிருக்குமா? மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்த செக்குகளும் வெளியே இருக்கின்றன.

மதுரைக்கிளை_வக்கீல்:

அந்த எண்ணுக்கு ஒரு பைசா அனுப்ப விடாதீர்கள். பேசுபவர் போலீஸ்தானா என்பதே முதலில் தெரியாது. போலீஸாகவே இருந்தாலும், வழக்குச் சொத்து என்று சொல்லும் பணத்தைத் தனியார் ஒருவரின் யுபிஐ-க்கு அனுப்பச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. அனுப்பிவிட்டால், "தப்பை ஒப்புக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்தார்" என்று நாளை அதையே திருப்புவார்கள். என்ஓசி வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

முடக்கம் எப்படி வருகிறது என்று புரிந்தால்தான் யாரைப் பிடிப்பது என்று தெரியும். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்கிறார், அல்லது தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் பதிகிறார். அவருக்கு 14 இலக்க ஒப்புகை எண் கிடைக்கும். பணம் முதலில் போன கணக்கு லேயர் 1, அங்கிருந்து பிரிந்து போனவை லேயர் 2, லேயர் 3 என்று வங்கிகள் பின்தொடர்ந்து நிறுத்திக்கொண்டே வரும். கடைக்காரர் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது லேயரில் இருப்பார். திருடன் காசு கையை விட்டுப் போவதற்குள் நிறுத்த வேண்டும் என்ற நோக்கம் சரிதான். 1,840-ஐ நிறுத்தினால் அந்த நோக்கம் நிறைவேறிவிடும். மீதி 3,38,160 கடைக்காரரின் உழைப்பு. அதைத் தொட யாருக்கும் காரணமே இல்லை.

சட்டம் இதுதான். வங்கிக் கணக்கும் பறிமுதல் செய்யத்தக்க சொத்துதான் என்று 1999-இல் தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 106-ஆவது பிரிவு. ஆகவே "போலீஸுக்கு அதிகாரமே இல்லை" என்ற வாதம் நிற்கும் என்று நம்ப முடியாது. அந்தப் பிரிவில் ஒரு கடமையும் இருக்கிறது: பறிமுதலை உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பல முடக்கங்களில் இது நடப்பதே இல்லை. ஆனால் இதை மட்டும் நம்பி இறங்கவும் கூடாது. அறிக்கை தாமதமானால் அதனாலேயே பறிமுதல் செல்லாது என்று ஆகிவிடாது, தாமதத்துக்கான விளக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இணையத்தில் சுற்றும் மாதிரி மனுக்களில் பாதி இதைக் கவனிக்காமல் எழுதியவை.

உங்கள் வலுவான வாதம் தொகை. போலீஸ் குறிப்பிடும் தொகைக்கு மட்டுமே முடக்கம் என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், தொகையும் காலமும் சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது தொழில் செய்யும் உரிமையையும் பிழைப்பையும் பறிப்பது என்று சொல்லி, சந்தேகத் தொகைக்கு மட்டும் லீன் (அந்தத் தொகையை மட்டும் பிடித்து வைப்பது) வைத்துக்கொண்டு மீதியை விடச் சொன்னது. டெல்லியில் சோலே பட்டூரே விற்கும் ஒருவரின் கணக்கு, அதில் வந்த 105 ரூபாய்க்காக முழுவதும் முடக்கப்பட்டது. அதையும் உயர் நீதிமன்றம் போய்த்தான் திறக்க வேண்டியிருந்தது. 105 ரூபாய்க்கு ஒரு மனிதரை உயர் நீதிமன்றப் படி ஏற வைக்கிற அமைப்பை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பணி_ஓய்வு_வங்கியாளர்:

வங்கிப் பக்கத்தை நான் சொல்கிறேன். கிளை மேலாளரால் இதை நீக்க முடியாது என்பது உண்மை. தலைமையகத்தில் உள்ள சைபர் பிரிவு போடும் தடை அது, அங்கேதான் எடுக்க வேண்டும். ஆனால் "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்பது பொய். தடை போட்ட கோரிக்கை அவர்கள் கணினியில் இருக்கிறது.

நேரில் பேசிப் பயனில்லை, எழுதுங்கள். கிளைக்கு ஒரு பிரதி (முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்), வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சலில் ஒரு பிரதி. அவர் முகவரி ஒவ்வொரு வங்கியின் இணையதளத்திலும் குறைதீர்ப்புப் பக்கத்தில் இருக்கும். கடிதத்தில் கதை வேண்டாம், கேள்விகள் போதும்: ஒப்புகை எண் என்ன, கோரிக்கை அனுப்பிய காவல் நிலையம் எது, அதிகாரியின் பதவியும் அரசு மின்னஞ்சலும் என்ன, எந்தச் சட்டப்பிரிவு, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, கேட்டது லீனா முழு டெபிட் ஃப்ரீஸா (எதையும் எடுக்க முடியாத தடை), கோரிக்கையின் நகல் எங்கே. கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "1,840 ரூபாய்க்கு மட்டும் லீன் வைத்து மீதித் தொகையைப் பயன்படுத்த அனுமதிக்கவும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும்."

சட்டப்பிரிவைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பல முறை போலீஸ் அனுப்புவது பிஎன்எஸ்எஸ் 94-இன் கீழ் வரும் நோட்டீஸ். அது ஆவணம் கேட்பதற்கான பிரிவு, கணக்கை முடக்க அதில் அதிகாரம் இல்லை. இன்னும் சில முறை போலீஸ் லீன் மட்டும் கேட்டிருக்கும், வங்கிதான் வசதிக்காக முழுத் தடையைப் போட்டிருக்கும். அப்படியானால் போலீஸிடம் ஓடவே வேண்டாம், வங்கியே சரிசெய்ய வேண்டிய தவறு அது. அதிகமாக முடக்கினால் வங்கிக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதை மறக்காதீர்கள். நடப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது. கடைக்காரர் பணம் சும்மா அவர்களிடம் கிடக்கும். குறைவாக முடக்கினால்தான் போலீஸ் கேள்வி கேட்கும் என்று பயம். அதனால் எழுத்தில் அழுத்தம் வராத வரை நகரமாட்டார்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ்-இல் குறைதீர்ப்பாளருக்குப் போடலாம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சட்ட அமலாக்க அமைப்பின் உத்தரவுப்படி வங்கி எடுத்த நடவடிக்கை குறைதீர்ப்பாளரின் வரம்பில் வராது. "போலீஸ் முடக்கியதை எடுத்துவிடுங்கள்" என்று எழுதினால் அதே நாளில் தள்ளுபடி ஆகும். "கேட்ட தொகைக்கு மேல் வங்கி முடக்கியிருக்கிறது, கேட்ட விவரத்தைத் தர மறுக்கிறது, எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை" என்று வங்கியின் சேவைக் குறையாக எழுதுங்கள். பொதுத்துறை வங்கியாக இருந்தால் 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ-யும் போடலாம். தனியார் வங்கிக்கு ஆர்டிஐ செல்லாது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று: அந்த க்யூஆர் அட்டையைக் கல்லாவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். டெபிட் ஃப்ரீஸில் வரவு நிற்காது. வரும் ஒவ்வொரு ரூபாயும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். புதுக் கணக்கு வேறு வங்கியில் இருக்கட்டும். அதே வங்கி என்றால் வாடிக்கையாளர் எண்ணை வைத்து அதையும் சேர்த்து முடக்கிவிட வாய்ப்பு உண்டு.

ஈரோடு_கணக்குப்பிள்ளை:

க்யூஆர் அட்டையை எடுத்தாயிற்று. கடிதம் இன்று போகிறது. போலீஸுக்கு என்னென்ன அனுப்ப வேண்டும்? வங்கி அசையாவிட்டால் அந்த மாநிலத்து மாஜிஸ்திரேட்டிடம் போவதா, இங்கேயே உயர் நீதிமன்றமா?

மதுரைக்கிளை_வக்கீல்:

போலீஸுக்கு ஒரே பிடிஎஃப். முதல் பக்கம் கடிதம்: ஒப்புகை எண், கணக்கு எண், அந்த வரவின் தேதி, தொகை, 12 இலக்க யுபிஐ குறிப்பு எண். பின்னால் அந்த பில், அன்றைய விற்பனைப் பதிவு, ஜிஎஸ்டி சான்று (இல்லாவிட்டால் உத்யம் அல்லது உணவுப் பாதுகாப்புப் பதிவு), பான், ஆறு மாத ஸ்டேட்மென்ட். ஸ்டேட்மென்டில் அந்த வரியைக் குறித்துக் காட்டுங்கள். கடை சிசிடிவி பதிவு இருந்தால் உடனே தனியே எடுத்து வையுங்கள், பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். இதை வங்கி எழுத்தில் தரும் அரசு மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும், கூடவே அந்த மாநில நோடல் அதிகாரிக்கும் குறைதீர் அதிகாரிக்கும். அவர்கள் பட்டியல் சைபர் கிரைம் போர்ட்டலிலேயே இருக்கிறது. அதே பிரதியை ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது நாளை நீதிமன்றத்தில் பெரிதாக உதவாது. கடிதம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் வேகமாகப் படிப்பார்கள்.

அந்தக் கடிதத்தில் ஒரு கேள்வி கட்டாயம்: எஃப்ஐஆர் பதிவாகியிருக்கிறதா, குற்ற எண் என்ன, எந்த மாஜிஸ்திரேட்டுக்குப் பறிமுதல் அறிக்கை போனது?

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. எஃப்ஐஆர் இருந்தால் அந்த மாஜிஸ்திரேட்டிடம் பிஎன்எஸ்எஸ் 503-இன் கீழ் (பழைய 457) மனுப் போடலாம். அங்குள்ள வக்கீல் ஒருவர் தேவைப்படுவார். ஆனால் பெரும்பாலும் எஃப்ஐஆரே இருக்காது, போர்ட்டல் புகார் மட்டும்தான். அப்போது மனுவைப் பதிவு செய்ய எந்த நீதிமன்றத்திலும் வழக்கு எண் இல்லை. கடைக்காரர் எந்த வழக்கிலும் எதிரி இல்லை, அவர் பணம் மட்டும் காவலில் இருக்கிறது. சட்டத்தின் பெயரால் நடக்கும் இந்த அநியாயத்தைத்தான் நீதிபதி முன் முதல் வரியிலேயே வைக்க வேண்டும்.

அப்படியானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வெளிமாநிலம் போக வேண்டாம். வங்கிக் கிளை இங்கே, முடக்கத்தின் விளைவு இங்கே, எனவே வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி இங்கே எழுகிறது. அரசியல் சாசனம் 226(2) அதற்கு இடம் தருகிறது. ஈரோடு என்றால் சென்னை. தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. வங்கி, அந்தக் காவல் நிலையம், ரிசர்வ் வங்கி மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது வழக்கம். கோரிக்கையை இரண்டாக வையுங்கள்: முழு முடக்கத்தை நீக்க வேண்டும், அது ஆகும்வரை 1,840-க்கு மட்டும் லீன் வைத்துக் கணக்கை இயக்க விட வேண்டும். இரண்டாவது இடைக்கால உத்தரவாகவே கிடைக்க வாய்ப்பு அதிகம். எழுதிய கடிதங்களும் பதில் வராத தேதிகளும்தான் மனுவின் முதுகெலும்பு.

செலவுக்கு வழியில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகியோருக்கு வக்கீல் இலவசம். "பத்து சதவீதம் கொடுங்க, நாலு நாள்ல திறந்து தர்றோம்" என்று டெலிகிராமில் வருபவர்களிடம் ஆதார், ஓடிபி எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

கோவை_வரி_ஆலோசகர்:

செக் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. மொத்த வியாபாரிகளிடம் இன்றே பேசி, செக்கைப் போட வேண்டாம் என்று கேட்டு, முடக்கத்தின் விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மீறிப் போட்டுத் திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் 138 நோட்டீஸ் (செக் திரும்பியதற்கான சட்ட நோட்டீஸ்) அனுப்பலாம். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் வேறு கணக்கிலிருந்து ஆர்டிஜிஎஸ் செய்துவிட்டால் வழக்கே எழாது. முடியாவிட்டாலும் பதில் போடாமல் இருக்கக் கூடாது, முடக்கக் கடிதத்தின் நகலோடு பதில் போக வேண்டும். கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்து போவதாக இருந்தால் அதையும் இப்போதே வேறு கணக்குக்கு மாற்றுங்கள். தவணை தவறினால் சிபில் மதிப்பெண்ணில் ஏறிவிடும், காரணம் யாரும் கேட்கமாட்டார்கள்.

கணக்கு திறந்த பிறகு, வங்கி கேட்ட தொகைக்கு மேல் முடக்கியது எழுத்தில் உறுதியானால் விட்டுவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. "இது வணிகக் கணக்கு, நுகர்வோர் இல்லை" என்று வங்கி சொல்லும். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கும் பொருளுக்கு 2019 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, சேவைக்கும் அது பொருந்தும் என்று வாதாட வேண்டியிருக்கும். கடையை அவரே நடத்துகிறார் என்பதை மனுவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி வரும் நாளுக்கு: முன்பின் தெரியாதவர் "ஜிபே பண்றேன், கையில காசா குடுங்க" என்று வந்தால் கடைக்காரர் மறுத்துவிட வேண்டும். மோசடிப் பணத்தை ரொக்கமாக மாற்ற இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த வரவுக்குப் பில் காட்ட முடியாது, பில் இல்லாத வரவை மேலே சொன்ன எந்தக் கடிதத்தாலும் காப்பாற்றுவது கடினம். க்யூஆர் கணக்கில் அன்றாட விற்பனைப் பணம் மட்டும் இருக்கட்டும். இரவு கடை மூடும்போது வேறு வங்கியில் உள்ள கொள்முதல் கணக்குக்கு மாற்றிவிடலாம்.

ஈரோடு_கணக்குப்பிள்ளை:

விவரமாக எழுதிய மூவருக்கும் நன்றி. கிளை மேலாளர் கடிதத்தை வாங்க மறுக்கிறார், முத்திரை போடமாட்டாராம். என்ன செய்யலாம்?

பணி_ஓய்வு_வங்கியாளர்:

வற்புறுத்த வேண்டாம். அதே கடிதத்தைக் கிளை மேலாளர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கிளையின் மின்னஞ்சலுக்கும் நோடல் அதிகாரிக்கும் ஒரே மெயிலில் போடுங்கள், "இன்று நேரில் கொடுத்தபோது கிளையில் பெற மறுக்கப்பட்டது" என்று தேதி, நேரத்தோடு அதில் ஒரு வரி சேர்த்து. 30 நாள் கணக்கு அந்த மெயில் தேதியிலிருந்து ஓடும்.