கிட்னி மாற்றில் ஃபோட்டோஃபெரிசிஸ்: சோராலன் கணக்கு, ஹெப்பரின் இல்லாமல் ஓட்டுவது

கேள்வி:
மாற்றுக் கிட்னியில் டி-செல் நிராகரிப்பு (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் கிட்னியைத் தாக்குவது). மெத்தில்பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) 3 நாள் போட்டும் கிரியேட்டினின் (கிட்னி வேலையைக் காட்டும் ரத்த அளவு) முழுதாக இறங்கவில்லை. ரத்தத்தில் பிகே வைரஸ் (எதிர்ப்பாற்றல் குறைந்தால் மாற்றுக் கிட்னியைத் தாக்குவது) இருப்பதால் ஏடிஜிக்கு (டி-செல்களை அழிக்கும் மருந்து) தயக்கம்; இசிபி, அதாவது ஃபோட்டோஃபெரிசிஸ் (வெள்ளணுக்களைப் பிரித்து, சோராலன் மருந்து கலந்து, புற ஊதா ஒளி காட்டித் திருப்பி ஏற்றுவது) முடிவாகியிருக்கிறது. அடுத்தடுத்த 2 நாள் அமர்வு, மறுநாளே பயாப்ஸி. பிரித்த வெள்ளணுப் பை 230 மி.லி. வந்தால் மெத்தாக்ஸிசோராலன் (அந்த சோராலன் மருந்து) எவ்வளவு? ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கட்டாயமா?

பதில் 1:
மி.லி.க்கு 20 மைக்ரோகிராம் உள்ள மருந்துக் குப்பி என்றால் பை அளவு × 0.017. உங்களுக்கு 3.9 மி.லி. பைக்குள்தான் போக வேண்டும், நோயாளிக்கு நேரடியாக அல்ல. முன்கூட்டியே சிரிஞ்சில் எடுத்து வைக்காதீர்கள். மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டும், அளவு குறைந்துவிடும்.

பயாப்ஸி நெருக்கத்தில் ஹெப்பரின் வேண்டாம், ஏசிடி-ஏ (கால்சியத்தைப் பிடித்து உறைவைத் தடுக்கும் சிட்ரேட் திரவம்) போதும். உதடு மரத்தால், விரல் நுனி குறுகுறுத்தால் கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம்: ஓட்டத்தைக் குறையுங்கள், கால்சியம் குளுக்கோனேட் கையருகே இருக்கட்டும். சிறுநீர் குறைவானவருக்கு, திருப்பி ஏற்றும் திரவத்தையும் கணக்கில் சேர்க்கணும்.

பதில் 2:
முந்தைய வேளை எண்ணெய்ப் பலகாரம் கூடாது. பிளாஸ்மா பால் போலக் கலங்கினால் மெஷினின் ஒளி சென்சார் செல் அடுக்கின் எல்லையைத் தவறவிடும். சிரோலிமஸ், எவரோலிமஸ் (ரத்தக் கொழுப்பைக் கூட்டக்கூடிய நிராகரிப்புத் தடுப்பு மருந்துகள்) எடுப்பவர்களுக்கு ட்ரைகிளிசரைடு (ஒரு ரத்தக் கொழுப்பு) முன்பே பாருங்கள். பையில் சிவப்பணு அதிகம் கலந்தாலும் யுவிஏ (புற ஊதா) ஒளியை அதுவே விழுங்கிவிடும். லிம்போசைட்டுக்கு (டி-செல் அடங்கிய வெள்ளணு வகை) போதிய ஒளி கிடைக்காது.

பதில் 3:
அவசர சிகிச்சையாக இதை நம்பாதீர்கள், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். செத்துக்கொண்டிருக்கும் லிம்போசைட்டுகளை டென்ட்ரிடிக் செல் (எதிர்ப்பாற்றலுக்குத் தகவல் தரும் செல்) விழுங்கி, ஒழுங்குபடுத்தும் டி-செல் பெருகித்தான் நிராகரிப்பு அடங்கும். எதிர்ப்பாற்றலை மொத்தமாக அமுக்காது என்பதால்தான் பிகே இருக்கும்போது இந்த யோசனையே. இதயமாற்றில் 1998-ல் 60 பேரை வைத்து நடந்த ஆய்வு உண்டு. கிட்னிக்குப் பெரும்பாலும் சில நோயாளிகளைக் கொண்ட சிறு தொகுப்பு ஆய்வுகள்தான். அமெரிக்காவில் 1988-ல் கிடைத்த அனுமதிகூட தோல் லிம்போமாவுக்கே (தோலில் வரும் டி-செல் புற்றுநோய்).

கேட்டவர்:
நன்றி. கோட்ரைமாக்சசோல் (ஆன்டிபயாட்டிக்) ஓடுகிறது, நிறுத்தணுமா?

பதில் 1:
அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அதுவும் வெயிலில் தோலை எரிக்கக்கூடிய மருந்து, சோராலனோடு சேர்ந்தால் கூடுதல் கவனம். 24 மணி நேரம் முழுக்கை, யுவிஏ தடுக்கும் கண்ணாடி. கண்ணில் லென்ஸே இல்லாதவருக்கும் லூபஸ், போர்ஃபைரியா (ஒளி பட்டால் மோசமாகக்கூடிய நோய்கள்) உள்ளவருக்கும் இசிபி கூடாது. கேன்யூலாவை முன்கையில் குத்தித் தேடாதீர்கள், டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவுக்கு (கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) நாளை அந்த ரத்தநாளம் வேண்டியிருக்கும்.