ரெய்டு கார்டு பூட் நேரத்தில் நின்றால்: கையில் வந்த சில சர்வர்களின் கதை

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு கார்டு, பூட் நேரத்தில் காட்டும் பிழைகளில் ஆளை அதிகம் பதறவைப்பது ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்ற செய்திதான். எஃப் அழுத்தினால் இம்போர்ட், சி அழுத்தினால் செட்டிங் திரை, வேறு எதை அழுத்தினாலும் பூட் தொடரும் என்று அதன் கீழே எழுதியிருக்கும். எல்லோரும் சர்வருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கை தானாக எஃப் பக்கம் போகும். என்னிடம் வந்த ஒரு சர்வரில் அப்படி அழுத்தியிருந்தால் டேட்டா மொத்தமும் போயிருக்கும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அந்த சர்வரில் இருந்தது ஐந்து டிஸ்க் போட்ட ரெய்டு 5. ஒரு டிஸ்க் விழுந்தால் தாங்கும், இரண்டு விழுந்தால் நின்றுவிடும். மின்தடைக்குப் பிறகு வால்யூம் (டிஸ்க்குகள் சேர்ந்து ஓஎஸ்ஸுக்கு ஒரே டிஸ்க்காகத் தெரிவது) ஆஃப்லைன். நான் போவதற்குள் பதற்றத்தில் யாரோ இரண்டு டிஸ்க்குகளைப் பிடுங்கித் திரும்பச் செருகியிருந்தார்கள். அந்த இரண்டும் ஃபாரின் என்று காட்டின.

ஃபாரின் என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எந்த டிஸ்க் எந்த அரேயில் (டிஸ்க் தொகுப்பில்) எத்தனையாவது இடம் என்ற குறிப்பு கார்டின் நிலை நினைவகத்திலும் இருக்கும், ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருக்கும். ஸ்டோரேஜ் துறையின் ஸ்னியா அமைப்பு வகுத்த டிடிஎஃப் என்ற பொது வடிவத்தில் அந்தக் குறிப்பின் தலைப்பு டிஸ்க்கின் கடைசி பிளாக்கில் உட்கார்ந்திருக்கும். கார்டில் இருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், ‘இது என்னுடையது இல்லை’ என்று கார்டு அந்த டிஸ்க்கை ஒதுக்கிவைக்கிறது. அவ்வளவுதான்.

நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இரண்டில் எது முதலில் விழுந்தது? கார்டின் ஈவென்ட் லாகை எடுத்துப் படித்தேன். ஒரு டிஸ்க் பல வாரங்களுக்கு முன்பே அரேயை விட்டுப் போயிருந்தது. எச்சரிக்கை மெயில் யாரும் பார்க்காத ஒரு பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. மற்றது மின்தடையின்போதுதான் விழுந்தது. முதலில் விழுந்த டிஸ்க்கில் இருப்பது அந்த வாரங்களுக்கு முந்தைய டேட்டா. அதைச் சேர்த்து எழுப்பினாலும் அரே எழுந்திருக்கும். ஆனால் டிஸ்க்குகளில் பிரித்து எழுதப்பட்ட ஒவ்வொரு ஸ்ட்ரைப்பிலும் பழையதும் புதியதும் கலந்திருக்கும். அதற்கு மேல் ஃபைல் சிஸ்டம் சரிபார்ப்பும் ஓடிவிட்டால், நன்றாக இருந்த ஃபைல்களையும் அதுவே ‘சரிசெய்து’ கெடுத்துவிடும்.

எனவே பழைய டிஸ்க்கில் ஸ்லாட் எண்ணை எழுதி ஒட்டி வெளியே எடுத்துவைத்தேன். கடைசியாக விழுந்ததை மட்டும் இம்போர்ட் செய்து ஆன்லைன் ஆக்கினேன். இம்போர்ட்டுக்கு முன் பிரிவ்யூ பார்க்க, கார்டைக் கட்டளைகளால் இயக்கும் ஸ்டோர்சிஎல்ஐ கருவியில் வசதி உண்டு, அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள். நான்கு டிஸ்க்கில் டிகிரேடட் நிலையில், அதாவது ஒரு டிஸ்க் குறைவாகவே, வால்யூம் வந்தது, டேட்டா சுத்தமாக இருந்தது. உடனே பேக்கப் எடுத்தேன். புது டிஸ்க் போட்டு ரீபில்ட் ஓடவிட்டது அதன் பிறகுதான். இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சாதாரண சாட்டா டிஸ்க்குகளுக்கு, 100 லட்சம் கோடி பிட்டுகளைப் படிக்கும்போது மீட்க முடியாத பிழை ஒன்று வரை வரலாம் என்றே தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அது சுமார் 12.5 டிபி. ரீபில்ட் என்பது, புது டிஸ்க்கை நிரப்புவதற்காக மிச்சமிருக்கும் டிஸ்க் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பது. அந்த நேரத்தில் கையில் பேக்கப் இல்லாமல் இருக்கவே கூடாது.

*

ஃபீல்டு சர்வீஸில் இருப்பவர்:

மேலே சொன்ன வரிசை மிகச் சரி. நான் பார்த்தது வேறு மாதிரி. முழுதாக அணைத்து ஆன் செய்தால் இரண்டு மூன்று டிஸ்க் மிஸ்ஸிங் என்று கார்டு நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தாமல் வார்ம் ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் சரியாக வந்துவிடும். ஒவ்வொரு முறையும் காணாமல் போகும் டிஸ்க் வேறு வேறு. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது, ஏனென்றால் கெட்டுப்போன டிஸ்க் இப்படி இடம் மாறாது.

3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். 12 டிஸ்க் சேர்ந்தால் 24 ஆம்பியர். சுழல ஆரம்பித்த பிறகு தேவை வெகுவாகக் குறைந்துவிடும், வார்ம் ரீஸ்டார்ட்டில் பிரச்சினை வராததும் அதனால்தான். கார்டை மாற்றியபோது டிஸ்க்குகளைத் தவணை தவணையாகச் சுழலவிடும் செட்டிங் விடுபட்டிருந்தது. ஒரு நேரத்தில் இரண்டு டிஸ்க், நடுவே சில நொடி இடைவெளி என்று வைத்ததும் பிழை நின்றது. பவர் சப்ளை ஒன்று பலவீனமாக இருந்ததையும் பிறகு கண்டுபிடித்து மாற்றினோம்.

இன்னொன்று. புது டிஸ்க் போட்டதும் அது சுழலவே இல்லை என்றால் பவர் கனெக்டரின் 3ஆவது பின்னைப் பாருங்கள். சாட்டா 3.3 விதிப்படி அந்தப் பின் டிஸ்க்கை அணைத்துவைப்பதற்கானது. பழைய இணைப்புகளில் அங்கே 3.3 வோல்ட் வந்துகொண்டிருக்கும். டிஸ்க் தூங்கியபடியே இருக்கும்.

*

ஸ்டோரேஜ் டீமில் இருப்பவர்:

‘பிரிசர்வ்டு கேஷ் இருக்கிறது’ என்ற செய்தியில் பலர் தவறிவிடுகிறார்கள். வால்யூம் காணாமல் போனபோது டிஸ்க்கில் எழுதப்படாமல் தங்கிவிட்ட டேட்டாவைக் கார்டு தன் தற்காலிக நினைவகமான கேஷில் பத்திரமாக வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை அழிக்க டிஸ்கார்டு கொடுத்தால் சர்வர் எழும், ஆனால் கடைசியாக எழுதியவை போய்விடும். எனக்கு வந்த கேஸில் டிஸ்க்குகள் இருக்கும் வெளிப்பெட்டியை சர்வருடன் இணைக்கும் சாஸ் கேபிள் தளர்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை. சர்வரை அணைத்து, கேபிளை அழுத்திச் செருகி, பெட்டியை முதலில் ஆன் செய்து, அப்புறம் சர்வரை எழுப்பினேன். கேஷ் தானாக டிஸ்க்கில் இறங்கியது. கேஷைப் பேட்டரியால் காக்கும் கார்டு என்றால் வேகமாகச் செயல்படுங்கள், மின்சாரம் இல்லாமல் அது தாங்குவது பொதுவாக 72 மணி நேரம் அளவுக்குத்தான். ஃபிளாஷில் இறக்கிவைக்கும் கார்டுகளுக்கு இந்த அவசரம் இல்லை.

எச்பி ஸ்மார்ட் அரே கார்டுகளில் இதையே எண்ணாகப் பார்க்கலாம். 1792 வந்தால் நிம்மதி: கேஷில் இருந்த டேட்டா டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டது. 1793 என்றால் பேட்டரி தீர்ந்து அந்த டேட்டா போய்விட்டது. டேட்டாபேஸைச் சரிபார்க்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். 1794 பேட்டரி சார்ஜ் குறைவு, அவ்வளவுதான்.

*

மெய்நிகர் சர்வர்களைக் கவனிப்பவர்:

கார்டின் திரையே வராமல் போன அனுபவம் எனக்கு. பழைய பயாஸ் முறையில், ஒவ்வொரு கார்டும் பூட் நேரத்தில் ஓட்டும் சிறு நிரல்களான ஆப்ஷன் ரோம்களுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. நெட்வொர்க் கார்டுகளின் நெட்வொர்க் பூட் ரோம்களே அதை நிரப்பிவிட்டன. பயன்படுத்தாத போர்ட்டுகளில் அதை அணைத்ததும் ரெய்டு கார்டு தெரிந்தது.

கார்டு நன்றாக எழுந்து, ஓஎஸ்ஸுக்கு மட்டும் டிஸ்க் தெரியவில்லை என்றால் சமீபத்தில் அப்கிரேடு நடந்ததா என்று கேளுங்கள். ரெட் ஹேட் லினக்ஸ் 8 பல பழைய கார்டுகளுக்கான ஆதரவை எடுத்துவிட்டது. மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 பழைய விஎம்கேலினக்ஸ் டிரைவர்களைக் கைவிட்டது. ஹார்டுவேரைக் கழற்றும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

*

புதிதாக வேலையில் சேர்ந்தவர்:

எங்கள் சர்வர் ஒவ்வொரு பூட்டிலும் ‘பேட்டரி இல்லை அல்லது பழுது’ என்று நிற்கிறது. ஏதாவது ஒரு கீயை அழுத்தினால் போய்விடுகிறது. சர்வர் முன்பைவிட மெதுவாக இருக்கிறது என்கிறார்கள். ஆல்வேஸ் ரைட் பேக் போட்டால் வேகம் வரும் என்று ஒருவர் சொன்னார். போடலாமா சார்?

*

முதலில் எழுதியவர்:

போடாதீர்கள். பேட்டரி இல்லாததால் கார்டு ரைட் த்ரூவுக்கு மாறியிருக்கிறது, டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே ‘எழுதியாச்சு’ என்று ஓஎஸ்ஸிடம் சொல்கிறது. மெதுவாவது அதனால்தான். ரைட் பேக் என்றால் கேஷில் வாங்கியதுமே ‘எழுதியாச்சு’ என்று சொல்வது. பேட்டரி இல்லாதபோதும் அதையே செய்யும் ஆல்வேஸ் ரைட் பேக்கை நீங்கள் போட்டால், அடுத்த மின்தடையில் கேஷில் இருப்பது அத்தனையும் போகும். ஓஎஸ் அதையெல்லாம் பத்திரமாக எழுதியதாக நம்பிக்கொண்டிருக்கும். கார்டின் மாடல் எண்ணைப் பார்த்து அதற்கான பேட்டரியை வாங்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு சார்ஜ் ஏறும்வரை அதே மெதுவான வேகம்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பாலிசி சாதாரண ரைட் பேக்கில் இருந்தால் போதும், சார்ஜ் ஏறியதும் கார்டு தானாகத் திரும்பிவிடும்.