ஜாஸ்பர் ஜான்ஸின் கொடி: சின்னமா, சாக்கா?

மெழுகுவிரல்:
அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் தன் நாட்டுக் கொடியையே படமாக்கி 1954-55இல் செய்த ‘கொடி’ என்றதும் பேச்சு தேசபக்திக்குப் போய்விடுகிறது. அதற்கப்புறமும் பல ஆண்டுகள் அவர் கொடியை விடவில்லை. என் கட்சி இதுதான்: அவருக்கு அது ஒரு தயார் வடிவம். 13 கோடு, அன்றைக்கு 48 நட்சத்திரம். எதை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழாததால் மொத்தக் கவனமும் மேற்பரப்புக்குப் போகிறது. முதலில் எனாமலில்தான் தொடங்கினார். அது காய நேரமெடுத்தது, ஒரு தீற்றலின் மேல் அடுத்ததை வைத்தால் குழம்பியது. அதனால் உருக்கிய மெழுகு வண்ணத்துக்கு மாறினார். தூரிகையை எடுத்த சில நொடிகளில் மெழுகு இறுகிவிடும், முந்தைய தீற்றல் கலையாமல் நிற்கும். அந்தப் படத்தின் பொருளே அந்தத் தீற்றல்கள்தான்.

செங்கோடு:
தயார் வடிவம்தான் வேண்டுமென்றால் சதுரங்கப் பலகை போதுமே, ஏன் கொடி? 1954இல், கம்யூனிஸ்ட் வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணை தொலைக்காட்சியில் ஓடுகிறது. அதே ஜூனில் கொடி உறுதிமொழியில் கடவுளின் பெயரைச் சேர்க்கிறார்கள். யார் விசுவாசி என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த ஆண்டில் ஒருவர் கொடியை எடுக்கிறார். அது தற்செயலான வடிவம் என்பதை என்னால் ஏற்க முடியாது. கிட்டே போய்ப் பாருங்கள், சிவப்புக்கும் வெள்ளைக்கும் அடியில் செய்தித்தாள் துண்டுகள் மங்கலாகத் தெரியும். கொடிக்கு அடியில் அன்றாடச் செய்தி கிடக்கிறது.

மெழுகுவிரல்:
தாளுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. மெழுகில் தோய்த்த துண்டு சட்டென்று ஒட்டும், மேடு பள்ளம் தரும். எழுத்து தெரிவது மெழுகு ஒளியைப் பாதி ஊடுருவ விடுவதால். 1955இன் ‘வெள்ளைக் கொடி’யைப் பாருங்கள். ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம், நிறமே இல்லை. கொடி என்று நொடியில் புரிந்துவிடுவதால் கண் அதை விட்டுவிட்டு மெழுகைப் பார்க்கத் தொடங்குகிறது.

அடுக்கு:
வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே சின்னத்தை இந்த முறையில் திரும்பத் திரும்பச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எடைக்கணக்கில் 8 பங்கு தேன்மெழுகு, 1 பங்கு குங்கிலியம், வடிகட்டி எடுத்தது. வேலை செய்யும் சூடு 80-90 டிகிரி செல்சியஸ். புகை வந்தால் சூடு மீறிவிட்டது, உடனே இறக்குங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அடித்தளம் வளையாத பலகையாக இருப்பது நல்லது, வளைந்தால் மெழுகு வெடிக்கும். சாதாரண அக்ரிலிக் ஜெஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசாதீர்கள். அது உறிஞ்சாது, மெழுகு பிடிப்பில்லாமல் செதிலாக உரியும்.

தாள் துண்டு இரு பக்கமும் நனைய வேண்டும். காற்று சிக்கினால் குமிழும், பிறகு விளிம்பு தூக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) காட்டி, மேற்பரப்பு பளபளக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். காட்டாமல் விட்டால் அடுக்குகள் பிரியும், அதிகம் காட்டினால் கோட்டின் ஓரம் ஓடி இரண்டு நிறமும் கலந்துவிடும். நட்சத்திரம் மாதிரி கூர்முனை உள்ளதைத் தூரிகையால் வரைந்தால் மூன்றாவது அடுக்கில் முனை மழுங்கிவிடும். தாளில் வெட்டி, தோய்த்து ஒட்டுங்கள். செய்தித்தாள் நாளடைவில் பழுப்பேறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

செங்கோடு:
அடுக்கு சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். அவ்வளவு பாடுபட்டு அந்த முனையைக் காப்பாற்றுவது ஏன்? அது நட்சத்திரமாகவே தெரிய வேண்டும் என்பதால்தானே! அடுத்து, 1969இல் வியட்நாம் போர் எதிர்ப்புக்காக அவர் செய்த சுவரொட்டி. கொடி பச்சை, கறுப்பு, ஆரஞ்சில் இருக்கும், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பச்சை சிவப்பாகும், கறுப்பு வெள்ளையாகும், ஆரஞ்சு நீலமாகும். அங்கே மெழுகும் இல்லை, தீற்றலும் இல்லை.

மெழுகுவிரல்:
சுவரொட்டியை ஒப்புக்கொள்கிறேன், அதில் கொடிதான் எல்லாம். ஆனால் 1969ஐ வைத்து 1954ஐப் படிக்காதீர்கள். இடையில் வந்த ‘மூன்று கொடிகள்’ (1958) ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மூன்று கேன்வாஸ். சின்னது நம் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் என்ற கண்ணின் பழக்கத்தையே அது புரட்டிப்போடுகிறது. அதில் எந்த அரசியலைக் காட்டுவீர்கள்?

செங்கோடு:
பின்னால் உள்ள இரண்டு கொடிகளும் பாதிக்கு மேல் மறைந்திருக்கின்றன. அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.