வீட்டுத் தையலுக்கு ஓவர்லாக் இயந்திரம்: வாங்கிப் பயன்படுத்தியவர்களின் அனுபவப் பகிர்வு

ஈரோட்டிலிருந்து:

துணியின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டே, பிசிறாதபடி நூலால் சுற்றிப் பின்னும் ஓவர்லாக் இயந்திரத்தை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'மூன்று நூல் வாங்கலாமா, நான்கு நூல் வாங்கலாமா?' என்பதுதான். தேவையான கேள்விதான், ஆனால் எந்தத் துணியை அதிகம் தைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் அதற்கு விடை காண முடியாது என்பதை, வீட்டிலிருந்தே ரவிக்கையும் நைட்டியும் தைத்துக் கொடுக்கும் என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர்த் தையல் இயந்திரக் கடைகளில் இரும்பு உடலோடு சிறியதாக ஓர் ஓவர்லாக் இயந்திரம் இருக்கும். ஓர் ஊசி, ஓரத்தைச் சுற்றி நூலைப் பின்னும் கொக்கி போன்ற லூப்பர் இரண்டு, ஆக மூன்று நூல். நான்கு நூல் இயந்திரத்தில் இன்னோர் ஊசி கூடுதலாக இருக்கும். மேசையில் பொருத்தி மோட்டார் மாட்டிக் கொடுப்பார்கள். பருத்தி ரவிக்கை, லைனிங் துணி, நைட்டி, பாவாடை ஆகியவற்றின் ஓரம் பிசிறாமல் இருக்க அது தாராளமாகப் போதும். தவறாமல் எண்ணெய் விட்டு, கத்திக்கு அடியில் சேரும் பஞ்சைத் துடைத்துவந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். பனியன் துணியை வைத்தால்தான் அதன் குறை தெரியும்: தைத்து முடித்த ஓரம் இழுபட்டு, அலை அலையாக நெளிந்து நிற்கும்.

நான் பயன்படுத்திய அந்த இயந்திரத்தில் டிஃபரன்ஷியல் வசதி இல்லாததே அதற்குக் காரணம். இவ்வசதி உள்ள இயந்திரத்தில், துணியை நகர்த்தும் பற்கள் பாதத்தின் அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு தொகுதிகளாக இருக்கும். திருகு 1 என்ற எண்ணில் இருந்தால் இரண்டும் ஒரே அளவு நகரும். 2 என்று வைத்தால் பின்பல் எடுத்துச்செல்வதைப் போல் இரு மடங்குத் துணியை முன்பல் உள்ளே தள்ளுவதால், இழுபடும் துணி இழுபடாமல் படிந்துவிடும். 1-க்குக் கீழே குறைத்தால் இதற்கு நேர்மாறாக, ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற மெல்லிய துணிகள் சுருங்காமல் சற்றே விறைப்பாகப் பிடிக்கப்படும். வீட்டு உபயோகத்திற்கான இயந்திரங்களில் பரவலாக அறியப்பட்ட பிரதர் 1034டி-யில் இந்த அளவு 0.7 முதல் 2.0 வரை உண்டு. குழந்தைகளின் டி-ஷர்ட், லெக்கின்ஸ், இரவு உடை ஆகியவற்றைத் தைக்க விரும்புகிறவர்கள் வேறு எந்த வசதியை விட்டுக்கொடுத்தாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ரவிக்கை தைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிற்பாடு பிரித்துப் பெரிதாக்கிக்கொள்வதற்காக, நம் பக்கத்தில் ரவிக்கையின் பக்கவாட்டில் துணியைத் தாராளமாக உள்ளே விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் போடுவது வழக்கம். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுவதுபோல் முன்துண்டையும் பின்துண்டையும் சேர்த்து வைத்து நான்கு நூலில் ஒரே ஓட்டமாகத் தைத்தால், அந்த உள்துணியைக் கத்தி வெட்டி எறிந்துவிடும். அதன்பின் ரவிக்கையைப் பிரித்து ஒரு விரற்கடைகூட விட முடியாது. ஆகவே ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தனித்தனியாக, நான்கு நூல் இயந்திரமானால் ஓர் ஊசியைக் கழற்றிவிட்டு மூன்று நூலில், தொங்கும் பிசிறு மட்டும் வெட்டுப்படும்படி ஓட்டி முடித்துக்கொண்டு, பிறகு சாதாரண இயந்திரத்தில் இணைப்பதே சரியான முறை. இந்தக் காரணத்தால், ரவிக்கை மட்டுமே தைப்பவருக்கு நான்காவது நூல் பெரும்பாலும் தேவைப்படாது. இழுபடும் பனியன் துணியை இணைத்தே தைக்கும்போதுதான் இரண்டாவது ஊசியின் தையல் தாங்குகிறது.

திருப்பூரிலிருந்து:

பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் (மோட்டாரில் ஓடும் கம்பெனித் தையல் மேசையில்) ஓவர்லாக் ஓட்டியவள் என்பதால், வீட்டுக்கும் கம்பெனி இயந்திரமே வேண்டும் என்று பழைய நான்கு நூல் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். எங்கள் ஊரில் பழைய இயந்திரமும் உதிரிப் பாகமும் மெக்கானிக்கும் எளிதில் கிடைப்பதால் அந்த முடிவு எனக்குப் பொருந்திவந்தது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். வீட்டு இயந்திரம் நிமிடத்திற்கு 1,300 தையல் போட்டால், கம்பெனி இயந்திரம் 5,000-க்கு மேல் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேகம் உண்மையிலேயே ஆபத்து. கிளட்ச் மோட்டார், தைக்காதபோதும் ஓடிக்கொண்டே இரைச்சலிடும். அதை எடுத்துவிட்டு, மிதிக்கும்போது மட்டும் சுழலும் சர்வோ மோட்டாரை மாற்றி, வேகத்தையும் குறைத்து வைத்த பிறகுதான் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் இரவில் தைக்க முடிந்தது. ஊசியும் வேறு. கம்பெனி இயந்திரத்தில் பொதுவாக டிசி×27 வகை உருண்டைத் தண்டு ஊசியும், வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் ஒருபுறம் தட்டையான சாதாரண ஊசியும் பொருந்தும்.

நூல் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குங்கள். சாதாரணத் தையலில் ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் நூல் போதும். மூன்று நூல் ஓவர்லாக்கில் அதே நீளத்திற்கு ஏறத்தாழ 14 மீட்டர் நூல் போகிறது. சிறிய நூல்கண்டுகளை வைத்துக் கட்டுப்படியாகாது. வெள்ளை, கறுப்பு, சாம்பல் நிறங்களில் கோன் நூல் (பெரிய கூம்பில் சுற்றிய நூல்) வாங்கி வைத்தால் பெரும்பாலான துணிகளுக்குப் பொருந்திவிடும். நிறம் மாற்றும்போது ஒவ்வொன்றையும் புதிதாகக் கோர்க்க வேண்டியதில்லை: பழைய நூலைக் கோனுக்கு அருகில் வெட்டி, புதிய நூலின் நுனியோடு சிறு முடிச்சிட்டு, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனைத் தளர்த்தி மெதுவாக இழுத்தால் லூப்பர் வழியாக முடிச்சு தானே வெளியே வந்துவிடும். ஊசியின் காதில் மட்டும் முடிச்சு நுழையாது. அங்கே வெட்டிவிட்டுக் கையால் கோர்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து:

அமெரிக்காவிலிருக்கும் என் நாத்தனார், ஊருக்கு வரும்போது ஓர் இயந்திரம் வாங்கிவருவதாக அன்போடு சொன்னார். அங்கு விற்பனையாவது 120 வோல்ட் இயந்திரம், நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும், அப்படிப் பழுதானால் இங்கே உத்தரவாதமும் செல்லாது என்பதையெல்லாம் விசாரித்து அறிந்த பிறகு, இங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

கடையில் எல்லா இயந்திரங்களும் நூல் கோர்த்துத் தயாராக இருந்தன; விற்பனையாளர் இரண்டு அங்குலம் ஓட்டிக் காட்டினால் எல்லாத் தையலும் அழகாகத்தான் தெரியும். நான் கையோடு கொண்டுபோயிருந்த ரவிக்கைத் துணி, பனியன் துணி, ஜீன்ஸ் துண்டுகளைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். பிறகு கீழ் லூப்பரின் நூலை முழுவதும் உருவிவிடும்படி கேட்டு, நானே கோர்த்துப் பார்த்தேன். ஓவர்லாக் இயந்திரத்தில் நம்மைச் சோதிக்கும் இடம் அதுதான். முன்மூடியைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுழற்றி, லூப்பரை வலப்பக்கம் வரவழைத்து, ஊசித் தட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் துளையில் இடுக்கியால் நூலை நுழைக்க வேண்டும். ஓர் இயந்திரத்தில் அந்தத் துளை என் கண்ணுக்கே தட்டுப்படவில்லை. மற்றொன்றில், லூப்பரின் முதுகில் நூலை ஏற்றிவிட ஒரு சிறு நெம்புகோல் இருந்தது; விலை சற்று கூடுதலானாலும் அதையே எடுத்தேன். காற்றழுத்தத்தால் லூப்பருக்குள் நூலைச் செலுத்தும் இயந்திரங்களும் உண்டு. விலை பல மடங்கு என்றாலும், கண்பார்வை குறைந்தவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் அது தகுந்த செலவு என்றே கருதுகிறேன்.

புதிதாக வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் லூப்பரின் நூல் அறுந்தால், அதை மட்டும் கோர்த்துவிட்டு ஓட்டக் கூடாது. ஊசி நூல்களை முதலில் வெளியே எடுத்துவிட்டு, லூப்பரைக் கோர்த்து, கடைசியாக ஊசிகளைக் கோர்க்க வேண்டும். வரிசை மாறினால் லூப்பர் நூல் ஊசி நூலில் சிக்கி, நாலு தையலுக்குள் மறுபடி அறுந்துவிடும். இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கை அழைப்பவர்களில் பலருக்கு உண்மையில் நேர்வது இதுதான்.

மீண்டும் ஈரோட்டிலிருந்து:

சாதாரண இயந்திரத்தில் மாட்டும் ஓவர்லாக் பாதம் போதாதா என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். கத்தியோடு வரும் அந்தப் பாதம், ஜிக்ஜாக் தையல் உள்ள இயந்திரத்தில்தான் பயன்படும். நம் வீடுகளில் இருக்கும் நேர்த்தையல் மட்டுமே போடும் கறுப்பு இயந்திரத்தில் அதை மாட்டிப் பயனில்லை. பொருந்தினாலும், அது ஓரத்தை வெட்டி ஜிக்ஜாக் போடுமே தவிர, லூப்பர் நூல்கள் ஓரத்தைச் சுற்றிப் பின்னுவதுபோல் வராது. எப்போதாவது ஒரு நைட்டி தைப்பவருக்கு அதுவே போதும்.

ஓவர்லாக் வந்துவிட்டதே என்று பழைய இயந்திரத்தை விற்றுவிடவும் வேண்டாம். ஜிப் வைப்பது, கழுத்துப் பட்டி திருப்புவது, கொக்கிப் பட்டி அடிப்பது, மேல்தையல் போடுவது எல்லாம் அதில்தான் நடக்கும். ஓவர்லாக் இயந்திரத்தில் துணியை வைக்கும் முன் குண்டூசிகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். ஒரு குண்டூசி சிக்கினாலே கத்தி முனை உடைந்துவிடும். வாங்கும் அன்றே அந்த மாடலுக்கு மாற்றுக் கத்தி உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கடையில் கேட்டு வையுங்கள்.