வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள்: பங்கில் யார் கவனிப்பது?

சத்துவாச்சாரி அன்பியம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் சத்துவாச்சாரிப் பக்கம் ஓர் அன்பியத்தின், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவின், பொறுப்பாளர். எங்கள் பங்கில் சபைகளுக்குக் குறைவில்லை. மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, பீடச் சிறுவர், மறைக்கல்வி ஆசிரியர்கள், இளைஞர் இயக்கம், கைம்பெண்கள் குழு, அதற்கு மேல் தெருவுக்குத் தெரு அன்பியம். இத்தனை இருந்தும் ஒரு வேலை யார் கையிலும் இல்லாமல் கிடக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை என்னைத் தேடி வந்தார். "அம்மா, உங்களுக்குத்தானே இந்தி தெரியும், கொஞ்சம் வாங்க" என்றார். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். ராஞ்சியிலும் ஜபல்பூரிலும் குடியிருந்ததில் எனக்கு இந்தி வரும்.

வாசலில் ஓர் அண்ணனும் தங்கையும் நின்றார்கள். ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கம். அம்மாவை சி.எம்.சி.க்குக் கூட்டி வந்திருக்கிறார்கள், வாயில் புற்று. கையில் அவர்கள் ஊர்ப் பங்குச் சாமியார் இந்தியில் எழுதிக் கொடுத்த கடிதம். இந்த அம்மாவுக்கு நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) கொடுங்கள், ஆபரேஷனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்ய உதவுங்கள் என்று அதில் இருந்தது. வேலூருக்கு வந்து பல வாரம் ஆகியும் அதை யாரிடம் காட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாபு ராவ் தெருவில் லாட்ஜ். அடுப்பு வாடகைக்கு எடுத்து அங்கேயே சோறு பொங்கிக்கொள்கிறார்கள். கோயில் என்று கேட்டதற்கு ஆட்டோக்காரர் புராட்டஸ்டண்ட்காரர்களின் சி.எஸ்.ஐ. கோயிலில் இறக்கிவிட்டிருக்கிறார். அங்கே இருந்தவர்கள்தான் நல்லபடியாகப் பேசி, வழி சொல்லி, இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தத் தங்கைக்கு இருபது வயதுதான் இருக்கும். அம்மாவுக்குச் சாப்பாடு குழாய் வழியாகத்தான் போகிறது. அதை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ராத்திரி இவள், பகலில் அண்ணன். "பணம் வேண்டாம் ஆன்ட்டி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து யாராவது ஜெபமாலை சொன்னால் போதும்" என்றாள். அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

காட்பாடி ஜங்ஷனில் தினமும் ரயிலை விட்டு இறங்குகிற வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குக் குடும்பங்களில் நம் கத்தோலிக்க மக்களும் இருக்கிறார்கள். பிப்ரவரி 11 உலக நோயாளர் தினத்தன்று கோயிலில் நோயாளிகளுக்காகப் பூசை வைக்கிறோம், நல்லதுதான். மற்ற நாளில்?

இதைப் பங்குப் பேரவையில் வைத்தேன். இதற்கென்றே ஒரு புதுச் சபை தொடங்கலாம் என்றார் ஒருவர். வின்சென்ட் தே பவுல் சபையிடம் விட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். மருத்துவமனையிலேயே போதகர்கள் இருக்கிறார்களே, நாம் ஏன் என்பது மூன்றாவது. எனக்குப் புதுச் சபையில் விருப்பமில்லை. தலைவர், செயலர், பொருளாளர் தேர்தலிலேயே ஒரு வருடம் போய்விடும். அதுவரை வார்டில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போவது யார்? ஆனால் இருக்கிற சபைகளுக்குள் இந்த வேலையை எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெளிவில்லை. இந்தி தெரியாத சாமியாரிடம் அந்த அம்மா எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள் என்பதும் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


காட்பாடி ரயில்வேக்காரர் (பதில்)

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆபரேஷன் யாருக்காகவும் காத்திருக்காது. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்யத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. சட்டத்தொகுப்பில் 990-ஆம் சட்டம். கேட்ட எதையும் வெளியே சொல்லக்கூடாது என்ற கடமை மொழிபெயர்ப்பவருக்கும் உண்டு. ஆனால் சொந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்தி எந்தத் தாய் மனசைத் திறப்பாள்? அதனால் வேறு ஆளைப் பாருங்கள். நம் பக்கத்துக் கன்னியர் மடங்களில் ஜார்க்கண்ட், சத்தீஸ்கரிலிருந்து வந்த சிஸ்டர்கள் இருப்பார்கள், சிலருக்கு அந்தப் பக்கத்து சாத்ரி மொழியும் தெரிந்திருக்கும். சலேசிய சாமிமார்களில் இந்தி தெரிந்தவர் இருந்தால் இன்னும் நல்லது, நடுவில் ஆளே வேண்டாம். அப்படியே நோயில் பூசுதலையும் (நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம்) கேட்டு வாங்கிக் கொடுங்கள். சாகக் கிடக்கிறவர்களுக்குத்தான் அது என்று நம் ஜனங்களே பயப்படுகிறார்கள். பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலும் பெறலாம்.

நான் வின்சென்ட் தே பவுல் சபையில் ரொம்ப காலமாக இருக்கிறேன். புதுச் சபை வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். 1833-இல் பாரிஸில் ஓசானாம் என்ற மாணவர், இருபது வயதில், நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது எங்கள் சபை. ஏழைகள் இருக்கிற இடத்துக்கே இரண்டு இரண்டு பேராகப் போய்ப் பார்ப்பதுதான் அதன் உயிர். லாட்ஜ் அறையும் இப்போது ஒரு வீடுதான். எந்த மதம் என்று பார்த்து நாங்கள் உதவுவதில்லை என்பதையும் பேரவையில் சொல்லுங்கள். பக்கத்து அறையில் ஒரு முஸ்லிம் குடும்பம் சிரமப்பட்டால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பண விஷயம் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பங்குகளில் மனக்கசப்பு வருவது இங்கேதான். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். லாட்ஜ் வாடகை பாக்கி என்றால் லாட்ஜிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். மருந்து என்றால் சீட்டைப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். ஊருக்குத் திரும்ப டிக்கெட் என்றால் நீங்களே எடுத்துக் கொடுங்கள். எங்கள் கூட்டத்தில் ரகசியப் பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காசில் ஒரு குடும்பத்துக்குச் சமையல் சாமான் வாங்கலாம், லட்சக்கணக்கில் ஆகும் ஆபரேஷனுக்குக் கட்ட முடியாது. அதை முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய தொகைக்கு மருத்துவமனைச் சமூகப்பணியாளரைப் பார்க்கச் சொல்லி, கூடவே ஓர் ஆள் போய் இந்தியில் பேசி உதவினாலே பாதிப் பாரம் இறங்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலர் இங்கேயே இறந்துபோவார்கள். உடலைச் சிம்டேகா வரை கொண்டுபோக எல்லாராலும் முடியாது. இங்கேயே அடக்கம் என்றால் பங்குத்தந்தை அனுமதி, கல்லறையில் இடம், பெட்டி, குழி, ஜெபம் சொல்ல வேதியர், நாலு பேர் தோள். அந்த நேரத்தில் பிள்ளைகளை அங்கும் இங்கும் அலையவிடக் கூடாது. யாரைக் கூப்பிடுவது, செலவு எந்தக் கணக்கில் என்று இப்போதே பேரவையில் பேசி எழுதி வையுங்கள்.

ஒரு சின்ன விவரம். சி.எம்.சி. 2022-இல் திறந்த ராணிப்பேட்டை வளாகத்துக்குச் சில துறைகள் போய்விட்டன. எந்த வளாகம், எந்த வார்டு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அந்தப் பக்கத்துப் பங்குக்கும் தகவல் கொடுத்து வையுங்கள்.


ஜெபமாலை அக்கா (பதில்)

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

தங்கச்சி, அந்தப் பெண் கேட்டது ஜெபமாலை. அது மரியாயின் சேனையின் வேலை, எங்களிடம் கொடு. நாங்களும் இரண்டு பேராகத்தான் சந்திக்கப் போவோம். போனது, பார்த்தது எல்லாவற்றையும் அந்த வாரமே பிரசீடியம் என்ற எங்கள் கிளைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அதனால் 'போகலாம், போகலாம்' என்று தள்ளிப்போட முடியாது. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். பொருளுதவி செய்யக்கூடாது என்பது சேனையின் சட்டம். நாங்கள் போனால் காசு வரும் என்று யாரும் நினைக்கக் கூடாது. ரயில்வே அண்ணன் சொன்ன காசுக் காரியம் எல்லாம் அவர்கள் சபையோடு இருக்கட்டும். இரண்டையும் கலக்காததால்தான் இத்தனை வருடமாக எங்களால் எந்த வீட்டுக்கும் சங்கடமில்லாமல் போய்வர முடிகிறது.

வார்டுக்குப் புதிதாக வருகிற சகோதரிகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை இங்கேயும் எழுதுகிறேன். பார்வையாளர் நேரத்தில் மட்டும் போ. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவு. சளி, காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே இருந்து ஜெபம் பண்ணு. மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போகாதே, கீமோ எடுக்கிறவர்களுக்கு வாசனையே குமட்டும். என்ன வியாதி, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்காதே. "ஜெபித்தால் கட்டி கரைந்துவிடும், மருந்தை நிறுத்து" என்று ஒருத்தி சொன்னாள் என்று கேள்விப்பட்டால் அடுத்த வாரம் அவளை நான் அனுப்ப மாட்டேன். சத்தமாகப் பாட வேண்டாம், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இப்போதுதான் கண் மூடியிருப்பார்.

மொழி தெரியாதே என்று கவலைப்படாதே. அவர்கள் இந்தியில் பாதி, நாம் தமிழில் பாதி என்று ஜெபமாலையின் அருள்நிறை மந்திரம் சொல்லலாம். மணி உருளுவதைப் பார்த்தே அவர்களுக்குப் புரியும். நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பாட்டி என் கையை விடவே இல்லை.

நற்கருணை கொண்டுபோவது வேறு. பங்குத்தந்தையோ, முறைப்படி நியமிக்கப்பட்ட நற்கருணைப் பணியாளரோதான் கொண்டுபோக வேண்டும். குழாயில் சாப்பிடுகிற அந்த அம்மாவால் விழுங்க முடியுமா என்று நர்ஸிடம் கேட்டு, சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.


ஆரணிக்காரர் (பதில்)

நான் எந்தச் சபையிலும் இல்லை. என் மனைவிக்கு ரத்தப் புற்று என்று தெரிந்ததும் ஆரணியிலிருந்து வந்து வேலூரில் அறை எடுத்துத் தங்கியவன். தமிழ் தெரிந்த எனக்கே திக்குத் தெரியாமல் இருந்தது. மொழி தெரியாதவர்கள் பாடு எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. மனைவி இப்போது நன்றாக இருக்கிறாள், செக்கப்புக்கு மட்டும் வருகிறோம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நோயாளியைத்தான் கேட்பார்கள். கூட இருக்கிறவனை யாரும் கேட்பதில்லை. ஒரு நாள், பக்கத்து வார்டில் யாரையோ பார்க்க வந்த ஒரு பெரியவர், "நீங்க போய்க் குளிச்சிட்டு, சாப்பிட்டுட்டு, ஒரு மணி நேரம் தூங்கிட்டு வாங்க, நான் இங்க உட்கார்ந்திருக்கேன்" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய உதவி யாரும் செய்யவில்லை. உங்கள் அன்பியம் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் அம்மா. அந்த இருபது வயதுப் பெண்ணை ஒரு மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெந்நீர் போட்டுக் கொடுத்து, தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லிச் சோறு போடுங்கள்.

ரத்தத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. ஊரிலேயே இருப்பவனுக்கு மாமன் மச்சான் வருவான். ஜார்க்கண்டிலிருந்து வந்தவருக்கு யார் வருவார்கள்? இதை இளைஞர் இயக்கத்திடம் கொடுங்கள். பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு முறை ரத்தம் கொடுத்தால் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் திரும்பக் கொடுக்க முடியும். அதனால் எல்லாரும் ஒரே நாளில் முகாமில் போய்க் கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று மாதத்துக்கு ஆள் இருக்காது. ரத்தத்திலிருந்து தட்டணு (பிளேட்லெட்) மட்டும் எடுப்பதற்கு இடைவெளி குறைவு, ஆனால் உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம். நேரம் ஒதுக்கக்கூடிய பையன்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். காசுக்கு ரத்தம் ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது அணுகினால் வேண்டவே வேண்டாம் என்று அந்தக் குடும்பங்களிடம் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது 1998 முதல் தடைசெய்யப்பட்டது.

இன்னொரு ஆதங்கம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் நம் ஜனங்கள் படுத்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் போளூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். நம் மறைமாவட்டத்து மக்கள். அங்கேயும் யாராவது போக வேண்டும்.


சத்துவாச்சாரி அன்பியம் (மறுமொழி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன மல்லிகைப்பூ விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது.

நேற்று பங்குத்தந்தையைப் பார்த்துப் பேசினேன். பாவசங்கீர்த்தனத்துக்கு இந்தி தெரிந்த ஒரு சாமியாரை அவரே ஏற்பாடு செய்துவிட்டார். அந்த அம்மாவுக்கு நோயில் பூசுதலும் ஆயிற்று. புதுச் சபை பற்றிய பேச்சை நிறுத்திவிட்டார். வார்டுச் சந்திப்பு சேனைக்கு, வாடகையும் மருந்தும் அடக்கமும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு, ரத்த நோட்டு இளைஞர்களுக்கு, சோறும் வெந்நீரும் ஒரு மணி நேரத் தூக்கமும் அன்பியங்களுக்கு. வாரத்துக்கு ஓர் அன்பியம். எங்கள் அன்பியம் முதலில் எடுத்துக்கொள்கிறது. யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தகவல் சொல்லும் வேலை என்னுடையது.

அடுக்கம்பாறை பற்றி ஆரணி ஐயா சொன்னது சரி. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் இரண்டும் அரைகுறையாகும் என்று பயமாக இருக்கிறது. அதற்கு அருகில் உள்ள பங்குகளில் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள், நான் நேரில் வந்து பேசுகிறேன்.

பூசை நேரம், கோயிலுக்கு வழி, பேச வேண்டிய எண் மூன்றும் போட்டு ஒரு சிறிய தாள் அச்சடித்து பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் ஒட்டக் கேட்கப்போகிறோம். இந்தியில் நானே எழுதிவிடுவேன். வங்காளியில் எழுதித்தர யாராவது இருக்கிறீர்களா?


காட்பாடி ரயில்வேக்காரர் (பதில்)

என்னோடு வேலை பார்த்த வங்காளி நண்பர் ஒருவர் ஓய்வுக்குப் பிறகும் காட்பாடியில்தான் இருக்கிறார். இந்து, ஆனால் சந்தோஷமாக எழுதித் தருவார். தாளின் வாசகத்தை அனுப்புங்கள், சனிக்கிழமைக்குள் வாங்கித் தருகிறேன். ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ்களுக்கும் சேர்த்து அச்சடியுங்கள், இந்தப் பக்கம் நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம்.